குள்ள சிஸ்டர் மேல் ஒரு புகார்

மகள் மறுபடியும் கையைக் காயப்படுத்திக்கொண்டாள் என்று மனநல வார்டிலிருந்து போன் வந்ததும், ஆபீஸ் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள் அம்மா.

வந்து பார்த்தால், எல்லோரும் குள்ள சிஸ்டர் என்று கூப்பிடும் அந்த நர்ஸ் சாவகாசமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா சொல்லு, மெதுவா பண்றேன்."

அவ்வளவுதான். ஏன் இப்படிப் பண்ணினே என்று ஒரு அதட்டல் இல்லை. ஒரு உச்சுக்கொட்டல்கூட இல்லை.

"முடிஞ்சுது. மனசு மறுபடி முட்டிக்கிட்டு வந்தா முதல்ல என்னைக் கூப்பிடு. சாயங்காலம் வரேன், கேரம் போர்டை எடுத்து வை. அன்னிக்கு உன்கிட்ட தோத்தது இன்னும் உறுத்துது."

பெத்த வயிறு பத்தி எரியுது, இவளுக்குக் கேரம் கேக்குதா?

அம்மா வாசல்வரை பின்னாடியே போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா? அந்தக் கையைப் பார்த்து எனக்கு உயிரே போகுது. நீங்க என்னமோ கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடற மாதிரி..."

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. அதை அவ முன்னாடி கொட்டினா, அதையும் சேர்த்து அவதான் சுமக்கணும்."

பக்கத்து அறையில் மணி அடித்தது. போய்விட்டாள்.

அம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த வார்டில் எதுதான் புரிந்தது? ஆளுமைக் கோளாறு என்றார் டாக்டர். அன்பும் கோபமும் அலை மாதிரி அடிக்கும் என்றார். மகளோ போன வாரம் இந்த சிஸ்டரைத் தெய்வம் என்றாள், நேற்று போனில் பேய் என்றாள். எதை எடுத்துக்கொள்வது?

திரும்பி வந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"டாக்டரைப் பார்த்துச் சொல்லிட்டு வரேன். இந்தம்மா உனக்கு வேண்டாம்."

"சொல்லாதேம்மா. அவங்களே இருக்கட்டும்."

"நேத்து நீதானே பேய்னு சொன்னே?"

"நேத்து அவங்களுக்கு லீவு. என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஆத்திரம்."

"ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசத் தெரியல, அவ என்ன நர்ஸ்?"

மகள் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "காயம் பட்டா வந்து கட்டுப் போடறாங்க. படலேன்னாலும் வராங்கம்மா. சும்மா உட்கார்ந்து பேச."

"நான் மட்டும் வரலையா? போன் வந்ததும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வரலையா?"

"ஓடி வந்தே. இல்லேன்னு சொல்லல." அவள் குரலில் கோபமே இல்லை. "போன தடவையும் கட்டுப் போட்ட அன்னிக்குத்தான் வந்தே. நடுவுல, கை நல்லா இருந்தப்பல்லாம் வாம்மா, வாம்மான்னு கூப்பிட்டேன். 'அதான் இப்போ நல்லா இருக்கியே, நான் எதுக்கு?'ன்னு கேட்டே."