மூன்று முலாம்

பட்டாளத்திலிருந்து வந்த சுபேதார் என் கட்டிலில் மூன்று நாணயங்களை வைத்தார். மூன்றிலும் என் மகன் குணசீலன் முகம். பனிச்சரிவில் காணாமல் போனவன், உடம்பு கிடைக்கவில்லை.

"படையில எல்லாருக்கும் இவர் ஞாபகமா கொடுக்கப்போறோம். தங்க முலாமா, வெள்ளியா, பழஞ்செம்பா? நீங்க சொல்றதுதான், ஐயா."

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் சர்க்கார் ஆள் சிரித்துக்கொண்டு கேட்டால் அதில் ஒரு கையெழுத்து ஒளிந்திருக்கும். நிறத்தைச் சொன்னால் மகன் செத்ததை நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

"மூக்கு சரியில்ல. உங்க மூக்கு மாதிரி இருக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மூக்கைத் திருத்திக் கொண்டுவந்தார். காது பெரிசு என்றேன். அதற்கடுத்த மாதம் தாடை.

இன்று ஐந்தாவது தடவை. புருவத்தில் சின்ன வயசில் கோலிக்குண்டு பட்ட தழும்புகூட இருந்தது. அதைச் சொன்னவனும் நான்தான். இனி குறை சொல்ல முகத்தில் இடமே இல்லை.

இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத என் பெண்சாதி அமிர்தம், அடுப்பங்கரையிலிருந்து வந்து மூன்று நாணயங்களில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்தாள். முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள்.

"இளைச்சிட்டானே" என்றாள்.

"கேட்டுச்சா சார்? கன்னத்தைச் சரிபண்ணிட்டு வாங்க" என்றேன்.

சுபேதார் எழுதவில்லை. "அம்மா எடுத்தது செம்பு. அதையே எழுதிக்கவா, ஐயா?"

அமிர்தம் நாணயத்தோடு கையை இறுக மூடிக்கொண்டாள்.