மாமி வீட்டுப் புகை

"மாமி, புகை! மறுபடியும் புகை!"

பத்மஜா மாமியின் போனில் சேஷன் சார் கத்துவது, எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் எனக்கே கேட்கும். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் போதும், தினம் இந்தக் கூத்துதான்.

சங்கதி இது. கிழக்கேகோட்டைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் குடியிருப்பில், ஓணத்துக்கு நேந்திரங்காய் வறுக்கிறேன் என்று யாரோ எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போக, சமையலறையே கருகிவிட்டதாம். அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு புகை சென்சார் மாட்டிவிட்டார்கள். எந்த வீட்டில் புகை வந்தாலும் இன்டர்நெட் வழியாக செக்ரட்டரி போனில் அலாரம் அடிக்கும்.

அந்த செக்ரட்டரிதான் ஐந்தாவது மாடி சேஷன் சார். மின்சார வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிவிட்டாள், தனி ஆள். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எல்லார் வீட்டிலும் சென்சார் சமையலறையில் இருக்கிறது. மாமி வீட்டில் மட்டும் பூஜையறை வாசலில். மாமியோ தினம் சாம்பிராணி போடுகிறவள். அலாரம் அடிக்காமல் என்ன செய்யும்?

மாமியும் லேசுப்பட்டவள் இல்லை. அவருக்கு வேறு ஜோலியே கிடையாதா என்று போனிலேயே ஒரு பிடி பிடிப்பாள். பிறகு என் வாசலுக்கு வந்து, "கிராதகன்!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். தனியாக இருக்கிற மனுஷி, நிம்மதியாக ஒரு சாம்பிராணி போட முடியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் இங்கே குடிவந்தது போன வருஷம்தான். அதனால் என்ன, நியாயத்தைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

சாம்பிராணி போடுவது மாமி வீட்டு நித்திய வழக்கம், சாமி காரியத்தில் தலையிட யாருக்கும் உரிமை கிடையாது, அந்த சென்சாரை எல்லார் வீட்டையும் போல சமையலறைக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மாமி கூட்டத்துக்கெல்லாம் வருகிறவள் இல்லை. மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள்.

சேஷன் சார் ஒருத்தர்தான் முடியாது என்றார். ஏன் என்று கேட்டால், அது அங்கேதான் இருக்கணும் என்பதைத் தாண்டி அவருக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. வீம்பு, வேறென்ன!

மறுநாளே சென்சார் கம்பெனி ஆள் பிரவின்ராஜ் ஏணியும் கையுமாக வந்துவிட்டான். ஜெயித்த மிதப்பில் அவனை மாமி வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத் திரும்பினால், லிஃப்ட் பக்கத்தில் சேஷன் சார்.

"ராஜஸ்ரீ, ஒரு நிமிஷம்மா."

இந்த மனுஷருக்கு இப்படிக்கூடப் பேச வருமா என்று நின்றுவிட்டேன்.

நான் குடிவருவதற்கு முன்னால் ஒரு தடவை மாமி காய்ச்சலில் எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்தாளாம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. பூனாவில் இருக்கிற மகள் பதறிப்போய், தினம் வந்து எட்டிப்பார்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். நான் இருக்கேனா போயிட்டேனா என்று பார்க்க ஒரு ஆளா என்று கேட்டு, மாமி அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். சௌக்கியமா என்று விசாரித்தவர்களுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

"விளக்கு எரியற இடமாச்சேன்னுதான் முதல்ல அங்க மாட்டச் சொன்னேன். இப்போ அதுவே சௌகரியமாப் போச்சு, கேட்டியா. அவா தினம் புகை போடறா. என் போன் அடிச்சா, மாமி எழுந்து நடமாடறான்னு அர்த்தம். அடிக்கலைன்னா உடனே ஓடிப்போய்ப் பார்க்கலாம். மாத்திட்டா அதுவும் போச்சு."

"அதுக்கு எதுக்கு சார் அப்படிக் கத்தறீங்க?"

"பின்னே? நயமா விசாரிச்சா கண்டுபிடிச்சுடுவாளே. சண்டை போட்டா சந்தேகம் வராது. நீயும் சொல்லிடாதேம்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! மாமிக்கு விஷயம் தெரியாமல் வேலையை மட்டும் நிறுத்த என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

பிரவின்ராஜ் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். மாமி சென்சாரைத் தொடவே விட மாட்டேங்காங்க அக்கா என்று என்னிடம் முறையிட்டுவிட்டு வெளியே போனான்.

மாமி பூஜையறை வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள். "யாரைக் கேட்டுண்டு இதை மாத்தச் சொன்னே?"

உங்களுக்காகத்தான் மாமி என்று நான் மென்று விழுங்கினேன். மாமி வாசல் பக்கம் எட்டிப்பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆத்துக்காரி போனதுலேர்ந்து அந்த மனுஷர் யார்கிட்டயும் மனசுவிட்டு ஒரு வார்த்தை பேசறதில்லை. என்னைத் திட்டறதுக்குத்தான் வாயைத் திறக்கறார். அதையும் நிறுத்திடாதேடி. எங்காத்துல சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வழக்கம். அவ போனப்புறந்தான் நான் தினம் போடறேன்."