நிறுத்தி வைக்கப்பட்டது

எல்லாம் புதுப்பிக்கப்பட்டுவிட்டன, குரல் மென்பொருள் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று திரை மறுபடியும் சொன்னது.

காலையிலிருந்து இதே பாட்டுதான்.

கட்டிலில் கணவர் கண்மூடிப் படுத்திருந்தார். நோய் அவருடைய கை, கால், பேச்சு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கண்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. திரையில் ஓர் எழுத்தை உற்றுப் பார்த்தால் அது பதிவாகும். ஓரத்தில் இருக்கும் என்டரைப் பார்த்தால், பதிவானதை இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி பேசும். விரல்கள் வேலை செய்த காலத்தில் அவரே அமைத்துக்கொண்ட ஏற்பாடு.

களைப்பில் பார்வை நழுவி என்டரில் விழுந்தால் பாதி வார்த்தையே வெளியே வந்துவிடும். “தண்” என்னும். கொஞ்சம் பொறுத்து, “தண்ணீர்” என்னும்.

பெட்டிக்கு, ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரல். அந்தக் குரலில் ஒருவர் தன் மனைவியைக் கொஞ்சினால் எப்படி இருக்கும்?

கண்களும் இனி அதிக நாள் ஒத்துழைக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மகள் என் வயிற்றில் இருந்தபோது, குரல் போவதற்கு முன்னால், மைக் எதிரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துப் பதிவுசெய்து வைத்தார். மழை வரலாம், கடை மூடியிருக்கிறது என்று ஏதேதோ வரிகள். என்னைக் கூப்பிடும் வரி அதில் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பதிவை வைத்துக்கொண்டு, அவர் எழுதும் எதையும் அவர் குரலிலேயே பேசும் வசதி புதிய பதிப்பில்தான் வந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் என் பெயர். வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

போனில் தம்பி. கம்ப்யூட்டர்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. புதியதைப் போட்டால் பழைய குரல் அடியோடு போய்விடும் என்று ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தான். அந்தச் சனியன் தொலையட்டும் என்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன்.

அவன் சொன்ன கட்டளைகளையெல்லாம் அடித்தேன். இடம் போதவில்லையோ என்று சேர்த்துவைத்த படங்களையெல்லாம் அழித்தேன். பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

கூடத்தில் மகள் பொம்மைக்கு அம்மா அப்பாவாக மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா என்றால் அதட்டல். அப்பா என்றால் ஏற்ற இறக்கமில்லாமல், “சாப்”. கொஞ்சம் நிறுத்தி, “சாப்பிட்டியா”.

 இவளுக்காகவாவது இன்றைக்கே மாற்றியாக வேண்டும்.

“அக்கா, இது தானா நிக்கல. புதுசு வரக்கூடாதுன்னு யாரோ கட்டளை போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க.”

சத்தியமாக நான் இல்லை என்றான். நானும் இல்லை. இதுவரை அடித்த பழைய கட்டளைகளைத் திரைக்குக் கொண்டுவரச் சொன்னான்.

பூட்டிய கட்டளை கிடைத்தது. அதற்கு மேலே அதே கட்டளை, கடைசியில் அறுந்து. அதற்கும் மேலே அதே கட்டளை, பாதியில் அறுந்து. மேலே போகப் போக அதுவேதான், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் அறுந்து கிடந்தது.

பார்வை என்டரில் நழுவினால்தான் அப்படி அறும்.

நான் சமையலறையில் நிற்கும் நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறார். எத்தனை பிற்பகல்களோ.

திரும்பினேன். கண்களைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  ஆத்திரத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“பாப்” என்றது பெட்டி. பிறகு, “பாப்பாவுக்கு என் சொந்தக் குரல் யாரோ ஒரு ஆள்.”

கூடத்தில் பொம்மை விழும் சத்தம் கேட்டது. அப்பா தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று மகள் ஓடி வந்து, கட்டிலில் ஏறி, அவர் மார்பில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

பூட்டை எடுத்துவிடலாமா அக்கா என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

போனை வைத்தேன்.