அமாவாசைப் பதிவு

நான்காவது முறையும் கணினி அதையேதான் சொன்னது: டிஸ்க் இல்லை.

இல்லாமல் எங்கே போகும்? பெட்டிக்குள் நான்கு டிஸ்க்கும் பச்சை விளக்கு எரியச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஜவ்வரிசி ஆலையின் எட்டு கேமராக்களும் பிடித்ததெல்லாம் அவற்றில்தான் கிடந்தது. கணினிக்குத்தான் கண் தெரியவில்லை.

 அதைக் கெடுத்தது, ஆலைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தமிழரசுவேதான்.

அமாவாசைக்கு ஆலை விடுமுறை. கணினி வேலைகளை அன்றைக்குத்தான் வைத்துக்கொள்வான். போன அமாவாசை சாயங்காலமும் ஆட்டையாம்பட்டியில் தன் கடையில் உட்கார்ந்தபடியே கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் புதியதை ஏற்றினான். இடத்தை அடைக்கிறதென்று பழையதைத் துடைத்தும் எறிந்தான். டிஸ்க்குகளைக் கணினிக்குக் காட்டிக்கொடுக்கும் டிரைவர் பழைய கெர்னலுக்கென்று செய்தது. புதியதோடு அது ஒட்டவில்லை.

அதை அவன் கவனிக்கும் முன்பே, மறுநாள் காலை, ஆலையின் கழிவுத் தொட்டியில் கூலித் தொழிலாளி சிவக்குமாரின் உடல் கிடைத்தது.

குடித்துவிட்டுத் தானாக வந்து விழுந்தான் என்றது ஆலை. யாரோ வேலைக்குக் கூப்பிட்டுத்தான் போனார் என்றாள் மனைவி ராசாத்தி. யார் என்று சொல்லப் பதிவு ஒன்றுதான் இருந்தது, அந்த நேரம் பார்த்து டிஸ்க்கைக் காணோம். ஊர் சும்மா இருக்குமா? முதலாளிக்குத் துணைபோய்த் தமிழரசு அழித்துவிட்டான் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசியது.

இன்று ஐந்து மணிக்குள் எடுத்துக்கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் விபத்து என்று எழுதி முடித்துவிடுவோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். இப்போதே மணி நாலு.

கணினியைக் கடைக்கே தூக்கிவந்திருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ராசாத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சாமி. அவரு நடந்து போறத என்னால பாக்க முடியாதுங்க."

புதிய கெர்னலுக்கு ஏற்றபடி டிரைவரைச் செய்து பார்த்தான். பிழைக்குமேல் பிழையாக வந்தது. கடைசியில் பழைய கெர்னலையே தேடி இறக்கி மறுபடி ஏற்றினான். கணினியை அணைத்துப் போட்டதும் திரையில் இரண்டு வரிகள் வந்தன, மேலே புதியது, கீழே பழையது. கீழே இருந்ததைத் தட்டினான்.

நான்கு டிஸ்க்கும் வந்தன.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஒருத்தன் வாயைத் திறக்கட்டும்.

அமாவாசை, காலை பத்து இருபது. ஆலைக் கதவைத் திறந்து சிவக்குமாரை உள்ளே கூட்டிவந்தவர் மேஸ்திரி. தொட்டியின் மூடியைத் தள்ளினார். கயிற்றை இறக்கிவிட்டார். சிவக்குமார் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார், கூப்பிட்டார், வாசல்வரை ஓடினார், திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூடியை இழுத்து மூடினார்.

தமிழரசு இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். 

கூடுதுறை ஆற்றங்கரையில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தேன் என்று அன்றிரவு வீட்டில் சொன்னார் அண்ணன் கதிர்வேல். அப்பா போனபின் அந்த ஆலையிலேயே மேஸ்திரி வேலை பார்த்துத் தம்பியைப் படிக்கவைத்தவர்.

"கெடைச்சுதுங்களா?" என்றாள் ராசாத்தி.

தமிழரசு கணினியை அணைத்துப் போட்டான். இரண்டு வரிகள் வந்தன. மேலே இருந்த புதியதைத் தட்டினான். பிறகு, முதல் முறையாக, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். டிஸ்க் இல்லை.

ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உடுங்க சாமி. ஊரே உங்களச் சொன்னப்பக்கூட நான் நம்பலீங்க."