மேஜைக்கு அடியில் ஒரு சிவப்புப் பெட்டி

முதலில் தப்பு செய்தவன் என் தம்பிதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே தையல் கடையில் இரண்டு பேரும் மெஷின் மிதித்தோம். வாசலை ஒட்டின மெஷின் அவனுக்கு. எனக்கு உள்ளே, சுவர் ஓரம். வருகிறவர்கள் அவனைத்தான் முதலாளி என்று நினைப்பார்கள். தைத்த துணியையும் அவன் கையால்தான் கொடுப்பான். மணி ஆறு ஆனால் போதும், "அண்ணே, நீ கிளம்பு, அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க" என்று என்னைத் துரத்திவிடுவான். சாயங்காலக் கூட்டத்தில் கிடைக்கிற நல்ல பேரெல்லாம் அவனுக்கு.

சாலையை அகலப்படுத்தக் கடையை இடித்தார்கள். அன்றோடு எங்கள் பேச்சும் நின்றது. ஒன்பது வருஷம் ஆகிறது.

ஒன்றை மட்டும் அவனால் பிடுங்க முடியவில்லை. நான் தைத்த சட்டைக்கு ஒரு புகார் வந்ததில்லை. ஒன்றுகூட.

போன வாரம் என் மனைவி சொன்னாள்: "உங்க தம்பி நம்ம கடையைக் கட்டியிருக்காராம்."

"எதை? இடிச்ச கடையையா?"

"பொம்மைக் கட்டையில. அவரு பேத்தி ஒண்ணு மேல ஒண்ணு செருகி விளையாடுமே, அந்த பிளாஸ்டிக் கட்டை. லைப்ரரியில பார்வைக்கு வச்சிருக்காங்க. எல்லாரும் போய்ப் பார்க்குறாங்க."

"இந்த வயசுல இது வேறயா?"

"ஒரு எட்டு போய்த்தான் பாருங்களேன்."

"நான் ஏன் போகணும்?" என்று கத்தினேன். மறுநாள் காலையில் போனேன். என்னை எங்கே உட்கார வைத்திருக்கிறான், வைத்தானா இல்லையா என்று தெரிய வேண்டாமா?

நீள மேஜையில் மூன்றாவதாக இருந்தது எங்கள் கடை. முழங்கை நீளம்தான். பச்சைக் கதவு, மூலை உடைந்த படி, கண்ணாடிக்குள் நூல்கண்டு வரிசை.

முன்னால் ஒரு அட்டை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'என் அண்ணன் கடை.'

கிண்டலா, மரியாதையா? ஒன்றும் புரியவில்லை.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பி எழுந்தான். "வாண்ணே."

வாசல் பக்கத்துப் பொம்மையைக் காட்டி, "இது யாரு?" என்றேன்.

"நான்."

"உள்ளே இருக்கிற மொட்டை?"

"நீதான். முடியோட ஒரே ஒரு தலைதான் இருந்துச்சு."

"அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று மேஜையைச் சுற்றிப் பின்னால் வந்தேன். உள்ளே தெரியட்டும் என்று பின்சுவரை வைக்காமல் விட்டிருந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் மெஷின், என் ஸ்டூல், என் விளக்கு. எல்லாம் சரி. அவன் மெஷின் மேஜைக்கு அடியில் மட்டும் சிவப்பாக ஒரு பெட்டி. நிஜக் கடையில் அந்த மேஜையைச் சுற்றித் துணி தொங்கும். கட்டையில் துணி தொங்கவிட முடியாதே.

"டேய், இந்தப் பெட்டி நம்ம கடையில கிடையாது."

அவன் முகம் மாறியது. "அது... கட்டை மிஞ்சிப்போச்சுண்ணே. சும்மா வச்சேன்."

"மிஞ்சினா எதை வேணா வைப்பியா? நாலு பேரு பார்க்குற இடம். எடு அதை."

"எடுத்துடறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவன் உடனே சரி என்றதில்லை. இன்னும் குழம்பினேன்.

"சின்னவரே!"

எங்களிடம் சம்பளத்துக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துக்கொண்டிருந்த அம்மாள். மேஜைக்குப் பின்னால் குனிந்திருந்த நான் அவள் கண்ணில் படவில்லை. பொம்மைக் கடை வாசலில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அடேயப்பா, அப்படியே இருக்கே! அட, பெரியவரு பெட்டியைக்கூட விடலையா நீங்க?"

என் பெட்டியா? எனக்கு ஏது பெட்டி?

"அம்மா, கொஞ்சம் இருங்க..." என்றான் தம்பி.

அவள் எங்கே கேட்டாள்? "மறக்க முடியுமா? பெரியவரு ஆறு மணிக்குப் படி இறங்க வேண்டியதுதான், நீங்க இதை வெளிய இழுப்பீங்க. அன்னிக்கு அவரு தைச்ச சட்டையெல்லாம் இதுக்குள்ளதான். காலர்ல ஒரு முனை கிழக்கே போகும், ஒரு முனை மேற்கே போகும்! நீங்க உட்கார்ந்து பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பீங்க. நான் பட்டனைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பேன். அவரு காதுக்குப் போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களே, இந்த நிமிஷம் வரைக்கும் நான் மூச்சு விடலை."

நான் எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேரே மொட்டைப் பொம்மை ரொம்ப மும்முரமாக மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது.

அவள் போனபிறகு தம்பிதான் கைகொடுத்துத் தூக்கினான்.

"பெட்டியை எடுத்துடவாண்ணே?"

"இருக்கட்டும்."

அவன் கை, பழக்கம்போல, என் சட்டைக் காலரை இழுத்து நேராக்கியது. கடை போனபிறகு நானே தைத்த சட்டை. விட்டதும் அது மறுபடி கோணிக்கொண்டது.

இப்போதும் சொல்கிறேன், முதலில் தப்பு செய்தவன் என் தம்பிதான். முதல் கோணல் காலரை அன்றைக்கே என் முகத்துக்கு நேரே காட்டாமல் மறைத்தானே, அதற்கு அவன் எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.