டெல்லி அப்பளம்

மூளையில் படம் தங்கும் பக்கத்தைப் பொன்னுரங்கமும், சொல் தங்கும் பக்கத்தை அவன் மனைவி சுலோச்சனாவும் ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். படுக்கப் போகும்வரை அவை கம்பெனிக்குத்தான். "ஆளுக்கொரு பக்கம் மிச்சமிருந்தா குடும்பம் தன்னால ஓடும்" என்று யோசனை சொன்ன மேதை பொன்னுரங்கம்தான்.

அன்று பொருட்காட்சிக் கூட்டத்தில் நாலு வயது மகள் நிலானியைக் காணோம்.

"சட்டை என்ன கலர்?" என்றார் போலீஸ்காரர்.

பொன்னுரங்கம் கண்ணை மூடினான். ஒரே இருட்டு. "டெல்லி அப்பளம் கேட்டா சார். அப்புறம் பாக்கலாம்னேன். 'போப்பா'ன்னா."

"கலர் கேட்டா கதை சொல்றீங்களே. நீங்க சொல்லுங்கம்மா."

சுலோச்சனாவுக்குக் கேள்வியே அதற்குள் நழுவியிருந்தது. ஆனால் அப்பளம் என்றதும் கடை கண்ணில் வந்து நின்றது. புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

ராட்டினம் தாண்டுவதற்குள் எதற்கு ஓடுகிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. "எதுக்குங்க?"

"நிலானி, அப்பளம்."

பத்தடிக்கு ஒருதரம் அதையே கத்திக்கொண்டு ஓடினான்.

"ஒண்ணு வாங்கிக் குடுத்துத் தொலையேம்மா, மனுஷன் பறக்கிறார்" என்றது கூட்டம்.

எண்ணெய்ச் சட்டிக்கு எட்டத்தில், அப்பளம் பொரிவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நிலானி.

"இப்ப பாக்கலாமாப்பா?"

ரெண்டு அப்பளம் வாங்கிக்கொடுத்தான். அப்புறம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை, "மஞ்சள் சட்டை, மஞ்சள் சட்டை" என்று முணுமுணுத்தபடியே நடந்தான்.