காலை எடுங்க

என் வலது கால் கால் அல்ல, கருங்கல். அதை ஆக்சிலேட்டரில் வைத்தால் ஊரிலுள்ள பங்க்கெல்லாம் வற்றிவிடும். பக்கத்து இருக்கையில் மனைவி வரத் தொடங்கிய பிறகுதான் லாரி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தது. தூரத்தில் சிவப்பு விளக்கு கடுகளவு தெரிந்தாலே கத்துவாள்: "பறந்து போயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க? காலை எடுங்க!"

அவள் இறந்த பிறகும் அந்த ஐந்து குறையவில்லை.

"மத்தவங்க ஓட்டினா நாலுதாண்ணே வருது. நீங்க மட்டும் வண்டியத் தள்ளிட்டா வர்றீங்க?" என்றார் முதலாளி.

வேலையை விடும் முன் கடைசி ஓட்டத்தில், அவள் திட்டைக் கேட்கும் ஆசையில், சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வேண்டுமென்றே ஓங்கி மிதித்தேன். ஆக்சிலேட்டர் இறங்கவில்லை. மெல்ல மேலெழுந்து என் காலைத் தூக்கிவிட்டது. லாரி பூனை போல உருண்டு விளக்கடியில் நின்றது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"ஒரு வார்த்தை திட்டேன்டி," என்றேன் காலி இருக்கையிடம்.